ஓடி வந்த சூடு

எங்க பக்கத்துல வண்டிப் பந்தயத்துக்குச் சவாரிக் காளை பழக்கணும்னா என்னைத்தான் தேடி வருவாங்க. பீத்திக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தப் பேரு எனக்கு இல்லாமயே இருந்திருக்கலாம்னு இன்னிக்கு வரைக்கும் நொந்துக்கிட்டு இருக்கறவன் நான். வெள்ளைக்காரன் காலத்துல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளோட நடுவுல, பஞ்சு வெலை படுத்து, மழையும் பொய்ச்சுப் போன காலத்துல, காளையைப் பழக்கற மாதிரியே ஒரு மனுசனையும் பழக்கினேன். என் தங்கச்சி புருசனை.

மாப்பிள்ளைக்கு அப்ப இருவத்தி மூணு வயசு. தோட்டம் இருந்துச்சு, கெணத்துலதான் தண்ணி இல்லை. அடிப்பாறை தெரியக் காஞ்சு கெடந்துச்சு. வைகாசி வரைக்கும் பார்த்துப்போட்டு, ஆனைமலை மேல தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிர்றதுன்னு அவரும் தங்கச்சியுமா முடிவு கட்டியிருந்தாங்க. மலைக்குப் போனவங்க குளிர்காய்ச்சல்ல செத்த கதை ஊருக்கு ஊரு உண்டு. தங்கச்சி வேற அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. அவளை மலையேத்தி அனுப்ப எனக்கு மனசே வரலை.

அந்தச் சமயத்துலதான், கோயமுத்தூர்ல போலீசுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு பொள்ளாச்சிச் சந்தையில சேதி கெடைச்சுது. உச்சி வெயில்ல ஓடவிட்டு, விழாம நிக்கறவனைத்தான் எடுப்பாங்கன்னு ஒருத்தன் சொன்னான். அவன் கண்டானா, காதுல கேட்டதைச் சொன்னானா, ஆருக்குத் தெரியும்? நான் கேக்கலை. நேரா தங்கச்சி ஊட்டுக்குப் போயி, "மாப்ள, நீங்க ஓடறதை மட்டும் ஓடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன்.

பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்துக் குடுத்தேன். கொள்ளு வேக வெச்சுக் குடுத்தேன். காலுக்கு எண்ணெய் போட்டு நீவி விட்டேன். தங்கச்சி பார்த்துட்டுச் சிரிப்பா. "ஏனுங்ணா, அடுத்தாப்ல மூக்கணாங்கவுறு போடுவீங்களா?"ம்பா. "போட்டாலும் போடுவாரு உங்கண்ணன்"னு அவரும் சிரிப்பாரு. ஒரு சொல்லு எதுத்துப் பேசாத மனுசன். அந்தக் குணத்தை நான் எவ்வளவு மெச்சினேன், தெரியுங்களா! சொன்னபடி கேக்கற காளை கெடைக்கறது அபூர்வம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆள் எடுப்புக்கு நாலு நாள் இருந்தப்ப, கடைசியா ஒரு பெரிய ஓட்டம் ஓடிப் பார்த்தரலாம்னேன். ஊர்ல இருந்து கிணத்துக்கடவு கரட்டடி வரைக்கும் போயி திரும்பறது. போக ஆறு மைலு, வர ஆறு மைலு. கத்திரி வெயில். கெளம்பறப்பவே நெழலு காலடிக்குள்ள பூந்துக்கிச்சு. அவரு முன்னால ஓட, நான் சவாரி வண்டியில பின்னாலயே போனேன். தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், மகராசன்!

போறப்ப ஒண்ணும் கொறையில்லை. கரட்டடியில திரும்பறப்பக்கூட, "எப்புடிங்க மச்சான்?"னு கேட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. சந்தோசமா இருந்துச்சு எனக்கு. நான் பழக்கின உருப்படியைக் காக்கிச் சட்டையோட பார்த்துட்ட மாதிரியே இருந்துச்சு.

திரும்பி ரெண்டு மைலு வந்திருப்போம். ரோட்டோரத் தோட்டத்துல மாடு பூட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சுத்து வட்டாரத்துலயே அந்தக் கெணத்துலதான் தண்ணி இருந்துச்சுன்னு நெனைக்கறேன். வாய்க்கால்ல துணி அலசிட்டிருந்த ஒரு அம்மா எந்திரிச்சு வந்தாங்க. "ஏனுங்க, அந்தப் புள்ளையை நிறுத்தி ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. மூஞ்சி ரத்தமாச் செவந்து கெடக்குதுங்க"ன்னு சொம்பை நீட்டினாங்க. அவரு நின்னுட்டாரு. கையும் நீண்டுருச்சு.

ஓடி வந்த காளைக்குச் சூட்டோட தண்ணி காட்டக்கூடாது. நெஞ்சடைச்சு விழுந்துரும். கட்டி நிறுத்தி, ஒடம்பு ஆறின பொறவுதான் தொட்டிக்கு விடோணும். எங்கப்பன் எனக்குச் சொன்னது, அவுங்கப்பன் அவருக்குச் சொன்னது. "வேண்டாங்கம்மா, ஓடி வந்த சூடு. ஊட்டுக்குப் போயி ஆறின பொறவு குடிச்சுக்குவாரு"ன்னேன்.

"மனுசனுங்க அது"ன்னாங்க அந்தம்மா.

அவரு என் மூஞ்சியைப் பார்த்தாரு. நான் நாக்கைச் சொடுக்கினேன், அவ்வளவுதான். காளையைக் கெளப்பற சொடுக்கு. "மச்சான் சொன்னாச் சரிங்க"ன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டு ஓட ஆரம்பிச்சுட்டாரு.

கொஞ்ச தூரத்துல அவரு முதுகைப் பார்த்தேன். அதுவரைக்கும் வழிஞ்சுக்கிட்டிருந்த வேர்வை சுத்தமா நின்னு, முதுகெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுது. பெருமைப்பட்டேனுங்க! ஒடம்பு வெயிலுக்குப் பழகிருச்சு, இனி எவனாலயும் இவரைச் சாய்க்க முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வேர்வை அத்துப் போறது சாவுக்கு முன்னால வர்ற சேதின்னு பல வருசம் கழிச்சு ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூமுட்டைக்கு எதுதான் நேரத்துல தெரிஞ்சுது?

அதுக்குப் பொறவு ஓட்டம் கோணலாச்சு. ரோட்டை விட்டு எறங்கினாரு, ஏறினாரு. "மாப்ள, நேராப் போங்க"ன்னேன். திரும்பிப் பார்த்து, "மடை திருப்பியாச்சுங்களா மச்சான்? தண்ணி வீணாப் போகுதுங்க"ன்னாரு. காஞ்ச தோட்டத்துத் தண்ணியை நெனைச்சுப் பினாத்தறாருன்னு புரிஞ்சுது. வண்டியை விட்டுக் குதிக்கறதுக்குள்ள குப்புற விழுந்துட்டாரு.

தூக்கிப் புளியமரத்து நெழல்ல போட்டேன். தொட்ட கை சுட்டுச்சு. எதுக்க வந்த பாரவண்டிக்காரர் ஓடி வந்து, வண்டியில கட்டியிருந்த பானையைக் கொண்டாந்து தலையில ஊத்தினாரு, வாயில ஊத்தினாரு. நான் அவரைத் தடுக்கலை. கையும் காலும் வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துச்சு, கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னு போச்சு. அந்த மனுசன் மூக்குக்கிட்ட வெரலை வெச்சுப் பார்த்துட்டு, தன் தலைத்துண்டை அவுத்துக் கையில புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேருமாத் தூக்கி என் வண்டியில படுக்க வெச்சோம்.

மீதி தூரத்துக்கு எப்படி ஓட்டிக்கிட்டு வந்தேன்னு கேக்காதீங்க. பொழுது சாயறப்ப அவுங்க வாசல்ல வண்டி நின்னுச்சு.

எங்க பக்கம் ஆரு ஊட்டுக்கு வந்தாலும், என்ன ஏதுன்னு கேக்கறதுக்கு முன்னால தண்ணி மோந்து குடுத்தரோணும். தங்கச்சி சொம்போடதான் வந்தா. "வாங்ணா, மொதல்ல குடிங்க"ன்னா. சொல்லிரலாம்னு வாயைத் தெறந்தேன். சொம்பை வாங்கிக் குடிச்சேன். மடக்கு மடக்குன்னு முழுச் சொம்பையும் குடிச்சேன். த்தூ, நானெல்லாம் ஒரு அண்ணன்!

அவ வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தா. "அசந்து தூங்கறாங்களா? முழுசும் ஓடிட்டாங்களாண்ணா?"ன்னா. மூஞ்சியில அத்தனை சிரிப்பு. மலைக்குப் போக வேண்டியதில்லைங்கற சிரிப்பு. நான் தலையை ஆட்டினேன். எதுக்கு ஆட்டினேன்னு எனக்கே தெரியாது.

உள்ளே போயி மறுபடியும் சொம்பை நெறைச்சுக்கிட்டு வந்தா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா வண்டியில ஏறி, அவரு தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, வாயில ஊத்தினா. தண்ணி ரெண்டு கடைவாய்லயும் வழிஞ்சு அவ சீலையை நனைச்சுது. துடைச்சுவிட்டு இன்னொருக்கா ஊத்தினா. அப்புறம் என்னை நிமுந்து பார்த்தா.

"ஏனுங்ணா, குடிக்க மாட்டீங்கறாங்க?"