பிள்ளைவண்டியில் ஒரு குழவிக்கல்

சைக்கிள் கடைக்காரனுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், மழைக்காலத்தில் ஒரு பிள்ளைவண்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். துரு, பூஞ்சணம், காய்ந்த பால்சோறு, நாலைந்து கட்டெறும்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மூத்திர வாடை. நெய்யூர் போகிற சாலையில் எனக்குக் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. வெள்ளைக்காரர்கள் பிள்ளையைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போகிற அந்த நாலு சக்கர வண்டி, எங்கள் வட்டாரத்தில் ஏழெட்டு வீட்டில்தான் இருந்தது. அதன் ஸ்பிரிங்கும் தோல்வாரும் வேறு யாருக்கும் பிடிபடவில்லை. ஆகவே எல்லாம் என் தலையில் விழுந்தன. கை கறுக்கத் தொழில் செய்யும் சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்: உடைந்து வந்ததைவிடத் துடைத்துக் கெடுத்துக் கொண்டுவந்ததே அதிகம்.

தேங்காயெண்ணெய்

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே துரையின் பங்களாவில் புதிதாகச் சேர்ந்த சமையல்காரர், துரையின் மனைவி மதாம்மாவிடம் நல்ல பெயர் வாங்க ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைவண்டியின் ரப்பர் சக்கரங்களுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பளபளக்க வைத்தார். ஒரு மாதத்தில் ரப்பர் ஊறிப்போய், பிசைந்த மாவாக இளகி, வளையத்தை விட்டுக் கழன்றுவிட்டது. மதாம்மாவுக்குக் கோபம், சமையல்காரருக்குத் திட்டு, எனக்கு வேலை.

வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர் செல்லையா. அதே தோட்டத்தில் ரப்பர் மரங்களைக் கீறிப் பால்வெட்டு வேலை செய்கிறவர். "ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, சவுக்காரத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும், புது ரப்பர் சீமையிலிருந்து வர மாதங்கள் ஆகும்" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அந்தப் பிசுபிசுப்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நாங்க வெட்டுன பாலுதான் மேஸ்திரி. கப்பல்ல ஏறிப் போயி, சக்கரமாத் திரும்பி வந்திருக்கு. எனக்க பிள்ளைய நான் தோள்லதான் தூக்குதேன்."

பூதப்பாண்டிக்காரர்

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலம் போட்டபோது, பூதப்பாண்டியில் வயலும் தோப்புமாக இருந்த ஒரு பண்ணையார் அவருடைய பிள்ளைவண்டியை எடுத்துவிட்டார். தலைச்சன் பேரனுக்காம். துரு ஏறிக் கீச்சிட்ட சக்கரங்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். வித்தையைக் காட்டவேண்டாமா? அவர் முன்னாலேயே முற்றத்தில் உருட்டினேன்.

அந்தப் பெரிய உடம்போடு அவர் பாய்ந்து வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பதும், தொட்டில் கட்டினால் முதலில் குழவிக்கல்லைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடவேண்டும் என்பதும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்தச் சட்டம் வண்டிக்கும் உண்டென்று அன்றைக்குத்தான் நான் கேட்டேன். என் மனைவி ஞானம்மா அடுக்களையிலிருந்து அம்மிக்குழவியைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவர் பிடியை விடவில்லை. "தொட்டிலுக்குச் சக்கரம் வச்சா அது தொட்டில் இல்லன்னு ஆயிருமாவே? ஒரு கல்லையாவது கெடத்திட்டு உருட்டும்!"

உபதேசியாரின் கேள்வி

அன்றிலிருந்து அந்தக் குழவியும் ஸ்பானரைப்போல என் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. அதில் தொழில் நியாயமும் இருந்தது. பாரம் இல்லாமல் உருட்டினால் எந்த ஸ்பிரிங் தளர்ந்தது, எந்த வார் இழுக்கிறது என்று தெரியாது. குழவி ஏறக்குறைய ஒரு கைப்பிள்ளையின் கனம்.

ஆனால் ஞானம்மாவுக்கு அது வேறு. எங்களுக்கு இரண்டு பிறந்து, இரண்டும் பேர் வைக்குமுன் போய்விட்டன. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், யார் வீட்டு வண்டியானாலும் வெறுமனே உருட்டக்கூடாது என்று. நான் சபையில் பாட்டுப்புத்தகம் பிடித்து நிற்கிறவன், இதையெல்லாம் நம்புகிறவனில்லை. இருந்தாலும் வாக்குக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் கொடுத்திருப்பார்கள்.

எங்கள் சபை உபதேசியார் ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர், வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். எடைக்காக வைத்திருக்கிறேன் ஐயா என்றேன். அவர் குனிந்து, குழவியைச் சுற்றியிருந்த துவர்த்துத் துண்டைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்: "எடைக்குன்னா ஒரு செங்கல்லு போதுமே. இதுக்குத் துணி சுத்தி, தலைக்கு உயரமும் வச்சிருக்கேரே, அது எதுக்கு?"

ஐம்பது அடி

சீமையிலிருந்து ரப்பர் வந்து சேர்ந்தது ஆனி மாத மழையில். மறுநாள் மதாம்மாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சமையல்காரர் மாட்டுவண்டியைச் சாலையில் நிறுத்திக்கொண்டு கூப்பாடு போட்டார், கடைமுற்றம் சேறாகக் கிடந்ததால் மாடு உள்ளே வராது. நான் கடைசித் திருகாணியை முடுக்கி, மூடியைத் துடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். ஐம்பது அடி இருக்கும். ஒரு சக்கரம்கூட முனகவில்லை. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு திரும்பினால், அடுக்களை வாசலில் ஞானம்மா நிற்கிறாள். ஏழு மாத வயிறு. தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கை, அந்தக் கையில் குழவி. அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று குழவியைக் கேட்காமல் விட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அவள் திரும்பி அம்மிக்கே போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கொடிக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் நின்ற நர்ஸம்மாவிடம் அந்த ஐம்பது அடியையும் சொல்லி அழுதேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொடி சுத்துனதுக்கு வண்டி என்ன செய்யும்? உள்ள போயி அவிய பக்கத்துல இரியும். அவிய உம்மத்தான் தேடுதாவ."

செல்லையாவின் வண்டி

ஞானம்மா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். குழவி அடுக்களையோடு நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. வண்டி ஏதும் வந்தால் ஒரு செங்கல்லை வைத்து ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். உபதேசியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. துரை குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டபோது மதாம்மா அந்தப் பழைய வண்டியைச் செல்லையாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவருக்கு அப்போது நாலாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம். வண்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். ரப்பர் நன்றாக இருந்தது, யாரும் எண்ணெய் போடவில்லை. மெத்தையை வெயிலில் போட்டேன். இற்றுப்போன வாரை மாற்றித் தைத்தேன். மூடியின் மடிப்புகளில் இருந்த பூஞ்சணத்தைத் துடைத்து, மெழுகு தேய்த்தேன். ஓட்டிப் பார்க்கச் செங்கல்லை எடுத்தேன்.

ஞானம்மா அதைக் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். உள்ளே போய்க் குழவியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். சுற்றியிருந்தது பழைய துவர்த்தில்லை. மகளுக்கென்று அவள் தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணி. கல்லைக் கிடத்தி, தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, அவளே வண்டியைச் சாலைவரை மெல்லத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் நடந்தேன். அன்று மறந்ததை மன்னித்துவிடு என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவள் கைப்பிடியை விடாமல் சொன்னாள்: "நீங்க மறந்திய. நான் கல்லக் கையில வச்சிக்கிட்டு, ஒரு விளி விளிக்காம பாத்துக்கிட்டுல்லா நின்னேன்."

கடை போட்ட இந்தப் பதினாலு வருஷத்தில் ஊரார் பிள்ளைவண்டிகளை எத்தனையோ தடவை முனகாமல் ஓட வைத்துவிட்டேன், எங்கள் வீட்டிலிருந்து அவற்றில் ஏறிப் போனது அந்த அம்மிக்குழவி ஒன்றுதான்.