பேஸ்மென்ற் பாராளுமன்றம் போன கதை

பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை என்றால் என்னவென்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: சட்டம் செய்வது தலைநகர் ஒட்டாவாவில், அதற்கு ஏச்சு வாங்குவது எங்கள் தொகுதி மில்லிக்கனில். வங்கிக் கவுண்டரிலும் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலும் நின்று, மேலே இருக்கும் யாரோ எடுத்த முடிவுக்காக வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

எங்கள் அலுவலகம் ஒரு பிளாசாவில் இருக்கிறது. ஒரு பக்கம் இடியப்பக் கடை, மறுபக்கம் கார் ஓட்டப் பழக்கும் இடம். வருகிறவர்களில் பாதிப்பேர் இடியப்பம் என்று நினைத்துத்தான் எங்கள் கதவைத் திறப்பார்கள். எங்கள் எம்பி வெள்ளைக்காரர், நல்ல மனிதர். "வணக்கம்" சொல்லத் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்தே தேர்தல் வென்றவர் என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்வார்கள். மிச்சத் தமிழுக்கு நான்.

நீங்கள் எந்த இடம்?

ஜெசிந்தா முதல்முறை வந்தபோது பனிச் சப்பாத்தைக்கூடத் தட்டவில்லை. கதவருகே நின்றபடியே, பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் பணம் குறைந்துவிட்டது, ஏன் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். முடியும், இருங்கள் என்றேன். இருந்தார். இருந்தவுடன் நம்மவர்களின் முதல் கேள்வி வந்தது: நீங்கள் எந்த இடம்? மானிப்பாய் என்றேன். இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லிச் சொல்லிக் கெட்டுப்போனவள் நான். அன்றும் கெட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. தன் கணவரின் மூத்த அக்கா கலியாணம் செய்திருப்பது மானிப்பாயில் என்றார். மானிப்பாய் பெரிய ஊர், எல்லாரையும் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே கேட்டதை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் எழும்பிக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இல்லை அக்கா, நான் பாஸ்போர்ட் போர்ம் இருக்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

ஒரே ராசா

சிவபாதம் அங்கிள் எங்கள் அலுவலகத்தின் சொத்து. ஓய்வுபெற்றவர். குளிர்காலம் முழுவதும் எங்கள் ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் இருப்பார். அவருடைய தங்கை லண்டனில் ஈஸ்ட்ஹாமில். அங்கே குறைந்த சம்பளக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவிப்பணத்தை வெட்டுவதா விடுவதா என்று பாராளுமன்றத்தில் பெரிய அடிபாடு. அங்கிள் அந்த விவாதத்தை நாள் முழுக்க ரப்லெற் திரையில் போட்டுப் பார்ப்பார். ஆர் எழும்பினான், ஆர் கொட்டாவி விட்டான், சொந்தக் கட்சிக்கு எதிராக ஆர் கைதூக்கப் போகிறான் எல்லாம் விரல்நுனியில். எங்கள் எம்பியின் பெயரை மட்டும் இன்னும் பிழையாகத்தான் சொல்வார்.

ஒரு நாள் என் மேசைக்கு வந்து, தங்கையின் பணத்தை வெட்ட வேண்டாம் என்று எங்கள் எம்பி லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். அது வேறு நாடு, இவர் அங்கே வாயே திறக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அங்கிள் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ராசா ஒராள்தானே, தங்கச்சி, ரெண்டு நாட்டுக்கும்? கிளைக்குக் கிளை கதைக்கேலாதெண்டால் உதென்ன கொம்பனி?"

சத்தமில்லாத வீடு

ஜெசிந்தா திரும்பி வந்தார். ஹீற்றர் பக்கம் ஆளில்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவரும் கணவரும் பிரிந்து மூன்று வருடம். கணவர் லொறி ஓட்டுபவர், இப்போது அதே வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மென்றில். மேலே இவரும் இரண்டு பிள்ளைகளும். வீட்டை விற்றால் இரண்டு பேருமே நடுத்தெரு என்பதால் இந்த ஏற்பாடு. கலியாண வீடு, சேர்ச் பூசை, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒரே காரில் போய், படம் எடுக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்று, திரும்பிவந்து இரண்டு கதவால் உள்ளே போவார்கள். ஊருக்குத் தெரியாது. அரசாங்கத்துக்கும் தெரியாது. அதனால் லொறிச் சம்பளம் கூடிய இந்த வருடம் அரசாங்கம் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிள்ளைகளின் பணத்தைக் குறைத்துவிட்டது. பேக்கரி வேலையில் இவர் வாங்கும் சம்பளம் போதவில்லை. இரவு வேலை ஒன்று எடுத்தால் பிள்ளைகளுடன் இருக்க ஆளில்லை.

பணம் அனுப்பும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போன் எடுத்து, நீங்கள் பிரிந்தா இருக்கிறீர்கள் என்று நேரே கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண் ஒருத்தி லைனில் இருந்தாராம். அந்தக் குரல் தெரிந்த குரல் மாதிரி இருந்ததால் ஜெசிந்தா சொன்ன பதில்: இல்லை, சந்தோசமாக இருக்கிறோம்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். இனி அதைத் திருத்த ஒரு வழிதான் உண்டு. இவர்கள் பிரிந்திருப்பது தனக்குத் தெரியும் என்று உறவில்லாத வெளியாள் ஒருவர் உறுதிசொல்ல வேண்டும். ஜெசிந்தா கைப்பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டார்.

"மூண்டு வருசமா ஒருத்தருக்கும் தெரியாமல் பாத்துக்கொண்டு வந்தனான். இப்ப தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்கை போறது?"

கதை தேவை

அந்த நேரம் பார்த்து ஒட்டாவாவில் ஒரு சட்டமூலம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பிரிந்துவிட்டோம் என்று சொல்லிப் பணம் எடுப்பவர்களைப் பிடிக்க விதிகளை இறுக்குகிறார்களாம். கொண்டுவந்தது எங்கள் எம்பியின் சொந்தக் கட்சி. ஆனாலும் இரண்டாம் வாசிப்பு விவாதத்தில் கொஞ்சம் மனிதாபிமானமாகப் பேச அவருக்கு ஆசை. அங்கே அவருக்குப் பேச்செழுதும் கெவின் எனக்குப் போன் செய்தான். தொகுதியில் இருந்து ஒரு கதை வேண்டும், கண்ணீர் இருந்தால் நல்லது, நாளைக்கு வேண்டும் என்றான். பீட்சா ஓர்டர் பண்ணுவதும் அதே குரலில்தான்.

ஜெசிந்தாவிடம் கேட்டேன். பேச்சைக் கேட்டு மனமிரங்கி விதியைத் தளர்த்தினால் வெளியாளே தேவைப்படாமல் போகலாம் என்றும் சொன்னேன். அப்போது நானும் அதை நம்பினேன். அவர் நிறைய யோசித்து ஓம் சொன்னார். நான் உட்கார்ந்து அவர் கதைக்கு வேசம் கட்டினேன். இரண்டு பிள்ளைகளை மூன்றாக்கினேன். லொறியை மாற்றித் தொழிற்சாலை ஆக்கினேன். பேக்கரியை எடுத்துவிட்டு முதியோர் இல்லத்தில் வேலை கொடுத்தேன். பேஸ்மென்றையும் தூக்கப் பார்த்தேன், கெவின் விடவில்லை. பேஸ்மென்ற்தான் உயிர் என்றான். ஜெசிந்தா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நானே கேட்டாலும் அது நானெண்டு தெரியக்கூடாது அக்கா."

பேஸ்மென்றுகள் பேசின

எம்பி பேசினார். தன் தொகுதியில் ஒரு தாய், சமையலறை யன்னலருகே நின்று இரவிரவாக அழுகிறாள் என்றார். யன்னலும் அழுகையும் கெவினின் சொந்தச் சரக்கு. எம்பிக்கே குரல் உடைந்தது. அந்தத் துண்டைத் தமிழ் றேடியோ மொழிபெயர்த்துப் போட, அது வட்ஸ்அப்பில் ஏறி நகரத்தின் மறுகோடி ரெக்ஸ்டேல் வரை போய்விட்டது.

மறுநாள் காலையில் என் போன் ஓயவில்லை. முதலில் எடுத்த பெண்மணி முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று பிள்ளைகள். என் வீட்டுக் கதையை உங்களுக்குச் சொன்னது என்ர மச்சாள்தானே, உண்மையைச் சொல்லுங்கோ என்று நின்றார். அடுத்தவர் விட்பியிலிருந்து. எங்கள் தொகுதியே இல்லை, ஆனால் கணவருக்குத் தொழிற்சாலை வேலை. இன்னொருத்தி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "அக்கா, லைக், அது என்ட அம்மாதான், ஹூ டோல்ட் யூ?" என்று கேட்டது. ஒவ்வொருவருக்கும் அது நீங்கள் இல்லை என்று சத்தியம் பண்ணினேன். ஒருவரும் நம்பவில்லை. ஆளை மறைக்க நான் மாற்றிய ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தது. இந்த நகரத்தில் இத்தனை பேர் ஒரே காரில் கலியாணத்துக்குப் போய் இரண்டு கதவால் உள்ளே போகிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

கடைசியாக ஒரு ஆண் குரல். பெயர் சொல்லவில்லை.

"பேஸ்மென்றிலை இருக்கிறது நான்தான். அவ யன்னலடியிலை அழுதது பொய். இஞ்சை கீழை ஹீற்றர் வேலைசெய்யாதது மெய். அதையேன் உங்கட எம்பி சொல்லேல்லை?"

அழுகைக்கு வாக்கில்லை

சட்டமூலம் மூன்றாம் வாசிப்புக்கு, கடைசி வாக்கெடுப்புக்கு, வந்தது. குரல் உடைந்து பேசிய எங்கள் எம்பி, குரல் உடையாமல் ஆதரித்து வாக்களித்தார். கெவினுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். பேச்சு மனச்சாட்சிக்கு, வாக்கு கட்சிக்கு, இது எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே என்று அவன் அமைதியாகச் சொன்னான். மனமிரங்குவார்கள் என்று நம்பி ஒருத்தியின் கதையை வாங்கிக் கொடுத்த எனக்கு அன்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. கோபத்தில் மத்தியானம் பக்கத்துக் கடையில் வாங்கிய இடியப்பத்தைச் சம்பல் இல்லாமலே தின்று முடித்தேன்.

புதிய சட்டப்படி ஒரு வெளியாள் போதாது. இரண்டு பேர் உறுதிசொல்ல வேண்டும். இதை ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, சிவபாதம் அங்கிள் ரப்லெற்றை மடித்துவைத்துவிட்டு வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"லண்டனிலை அழாமல் சொந்தக் கட்சியையே எதிர்த்து வோட்டுப் போட்டாங்கள், தங்கச்சி. உங்கடையாள் அழுதுகொண்டு ஆதரிச்சுப் போட்டிருக்கிறார். உந்தாளுக்கு அழுறதுக்குத்தானோ நாங்கள் வோட்டுப் போட்டனாங்கள்?"

இரண்டு பேர்

ஜெசிந்தா தானாகவே வந்தார். இந்தமுறை கதவருகே நிற்கவில்லை, சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வந்து வடிவாக இருந்தார். றேடியோவில் பேச்சைக் கேட்டாராம். தன் கதையை விட்டுவிட்டு வேறு யாரோவின் கதையைச் சொல்லிவிட்டீர்கள் என்று குறைப்பட்டார். மூன்று பிள்ளையோடு அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ, தனக்கு இரண்டுதானே என்று கவலைப்பட்டார். அது நீங்கள்தான் என்றேன். நம்பவில்லை. நான் எங்கே யன்னலடியில் நின்று அழுதேன், எனக்கு அதற்கு நேரமிருக்கிறதா என்று கேட்டார். பெயர் சொல்லாமல், பேச்சுக்கு மறுநாள் வந்த போன்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அவ்வளவு பேரோ என்றார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு ரதி அன்ரியின் கதவைத் தட்டியிருக்கிறார். இந்த மூன்று வருடமும் ஜெசிந்தா ஆருக்குப் பயந்து கணவரோடு ஒரே காரில் ஏறினாரோ, அந்த ரதி அன்ரி. விசயத்தைத் தொண்டைக்குழியில் இருந்து இழுத்து வெளியே போட்டாராம். அன்ரி அரிசி கழுவுவதைக்கூட நிறுத்தவில்லை.

"எனக்கெப்பவோ தெரியும் பிள்ளை. முந்தி ரெண்டுபேரும் பிடிக்கிற சண்டை எங்கட வீட்டு ரீவியை விடச் சத்தம். மூண்டு வருசமா ஒரு சத்தமில்லை. கலியாண வீட்டிலை வேறை, ஆளுக்காள் நீங்கள் சாப்பிடுங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு மரியாதை. புருசன் பெஞ்சாதி அப்பிடியோ கதைக்கிறது? எங்கை வந்து சொல்லவேணும் எண்டு சொல்லு, வாறன்."

ஞாயிறு கழிந்த மறுநாள் ஜெசிந்தா என் மேசையில் இருந்தே அந்தப் பணம் அனுப்பும் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். ஹீற்றர் பக்கத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், சிவபாதம் அங்கிள் உட்பட. ஜெசிந்தா குரலைத் தாழ்த்தவில்லை. "யெஸ், செப்பரேற்றட்" என்றார். அங்கிள் ரப்லெற்றின் சத்தத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குனிந்து மேசை லாச்சியைத் திறந்து இல்லாத ஒன்றைத் தேடினேன்.

போனை வைத்ததும் அந்தக் கெட்ட செய்தியைச் சொன்னேன். சட்டம் இறுகிவிட்டது, ஒரு ஆள் காணாது, இரண்டு பேர் வேண்டுமாம் என்று மென்று விழுங்கினேன். ஜெசிந்தா முதன்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேர்தானோ அக்கா? ரதி அன்ரியைக் கேட்டாப்பிறகு சேர்ச்சிலை எல்லாரையும் கேட்டுப் பாத்தனான். எல்லாருக்கும் தெரியுமாம். ஆர் வாறதெண்டு இப்ப அவையளுக்குள்ளை சண்டை."

பொதுப்பணத்தைக் காக்க ஒட்டாவா இன்னும் எத்தனை சட்டம் வேண்டுமானாலும் போடட்டும், யார் யாரோடு இருக்கிறார், யார் யாரோடு இல்லை என்று கண்காணிக்கும் திணைக்களத்தை எங்கள் அன்ரிமார் சம்பளம், விடுமுறை எதுவுமில்லாமல் எப்போதோ திறந்துவிட்டார்கள் என்பதே இந்த உத்தியோகம் எனக்குக் கற்றுத்தந்த அரசியல்.