எண்பதோடு நிறுத்தியவள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாத மதியம். தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். முன்னாள் மாணவிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததில், எங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் உண்டு. கல்லூரியில் சேரும்வரை அது அவர்களிடமே இருக்கும்.

வகுப்பறையில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதனால் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு வர வேண்டும். வாசலில் நின்று ஒவ்வொரு திரையாகப் பார்ப்பேன். நூறு இல்லாதவள் முதல் பீரியட் முழுக்க நிற்க வேண்டும். இதில் எனக்குப் பெருமை வேறு!

ஒருத்தி மட்டும் தினமும் எண்பதோடு வருவாள், தினமும் நிற்பாள். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வாப்பா சவூதில லேப்டாப் ரிப்பேர் கடையில இருக்காங்க டீச்சர். எம்பதுக்கு மேல ஏத்தாத, பேட்டரி சீக்கிரம் செத்துரும்னு சொல்லுதாங்க."

"அப்போ உங்க வாப்பாவையே வந்து பாடம் நடத்தச் சொல்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மறுநாளும் எண்பதோடுதான் வந்தாள். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அந்த ஜூன் மதியத்துக்கு வருகிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று ஐந்து மணியோடு கடைசி. சுந்தரபாண்டியபுரத்துப் பெண் ஒருத்தி மட்டும் பாக்கி. சாதிச் சான்றிதழ் அன்று காலையில்தான் அவள் கைக்கு வந்திருந்தது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். போனில் அந்தப் படிவம் பாதியிலேயே நின்றுவிடுவதால், லேப்டாப்போடு என்னிடம் ஓடி வந்திருந்தாள்.

மூன்றரைக்குக் கரண்ட் போய்விட்டது. காற்றில் எங்கோ மரம் விழுந்து, ஊர் முழுக்க இல்லையாம். அவள் லேப்டாப் பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை. என்னுடையது அதற்கும் முன்பே அணைந்தது. லேப்டாப்பைக் காட்டி மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்களுடையதை நீட்டினார்கள். அவையும் நூறு என்று காட்டிவிட்டுச் சட்டென்று இருண்டன. எல்லாம் என் சட்டத்துக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்து பேட்டரி செத்தவை. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சான்றிதழ் வாங்க வந்தவர்களில் எண்பதுக்காரியும் இருந்தாள். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து பெஞ்சில் வைத்தாள். "ஏட்டி, அழாத. இங்கன வந்து உக்காரு." திரையில் எழுபத்தாறு. வெளிச்சத்தைக் குறைத்து, தேவையில்லாததை எல்லாம் மூடிவிட்டு அவளிடம் தள்ளினாள். என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன்.

அதன் பிறகான ஒரு மணி நேரம் இப்போதும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. வெளியே வெயிலும் சாரலும் மாறி மாறி வந்தன. மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஜன்னல் வழியே பொடித் தூறல் வந்து முகத்தில் பட்டது. மங்கிய வகுப்பறையில் ஒரே ஒரு திரை, அதன் நீல வெளிச்சத்தில் எங்கள் எல்லார் முகமும். பக்கங்கள் ஆடி அசைந்து திறந்தன. எங்கோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பேட்டரியில் இன்னும் நாற்பத்தொன்று இருந்தது. அந்தப் பெண் எண்பதுக்காரியைக் கட்டிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதும்மா. உன்னை ரெண்டு வருஷம் நிக்க வச்சுட்டேன்" என்றேன் எண்பதுக்காரியிடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். இன்னைக்கு நடந்ததச் சொன்னா வாப்பா ரொம்ப சந்தோசப்படுவாங்க" என்றவள், லேப்டாப்பைப் பைக்குள் வைத்தபடியே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க சொன்னத மட்டும் அவங்ககிட்ட நான் சொல்லவே இல்ல."

அந்தச் சட்டத்தை மறுநாளே எடுத்துவிட்டேன். இன்றும் ஒரு பிள்ளை "எங்க வீட்டுல சொன்னாங்க டீச்சர்" என்று தொடங்கினால், அவள் முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. கடல் தாண்டி இருக்கும் அப்பாவிடம் மறைக்க வேண்டிய ஒரு வார்த்தையை இன்னொரு பிள்ளைக்கும் நான் கொடுத்துவிடக் கூடாது.