அத்தை வீட்டின் நிறம்

அத்தையின் வீட்டை முதன்முதலாக மேலிருந்து பார்த்தது என் கைப்பேசியில்தான். நகக்கண் அளவுக்குத் தகரக் கூரை. நிலச்சரிவு அபாயத்தைக் காட்டும் அந்த வரைபடத்தில் அதன்மேல் சிவப்பு படிந்திருந்தது. நான் வேலந்தாவளத்தில் ஆசிரியை. அன்று இங்கே நல்ல வெயில். சக்குபள்ளத்து ஏலத்தோட்டச் சரிவில், என் அப்பாவின் அக்கா தனியாக இருந்த இடத்திலோ மழை விட்டபாடில்லை.

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் தெளியும் என்றுதானே நினைப்போம்? சிவப்பு, கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கட்டத்தின் விளிம்பு வீட்டுக்குள்ளேயே ஓடியது. அடுக்களை சிவப்பு, படுக்கையறை மஞ்சள். மண் கோடு பார்த்தா இறங்கும்? மலையின் சரிவு, மண்ணின் வகை, முன்பு சரிந்த இடங்கள் என்று ஒவ்வொன்றையும் படத்தின்மேல் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். குழப்பம்தான் கூடியது. கடைசியில் அத்தையைக் கூப்பிட்டேன்.

"மேப்புல உங்க வீடு சிவப்பா இருக்கு அத்தை. கீழ சர்ச் ஹாலுக்குப் போயிருங்க."

"பக்கத்து வீடு?" என்றாள். அங்கே ஒரு பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பிள்ளை பெற்றிருந்தாள்.

"அது மஞ்சள். அவ்வளவு பயமில்ல."

"பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு அவ இங்க கெடப்பா, நான் மட்டும் எறங்கிப் போறதா? நல்லாருக்கு நீ சொல்றது."

அந்தக் குடும்பத்தையே கிளப்பிக் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் காலையில் மண் இறங்கியது. அத்தையின் வீட்டில் ஒரு ஓடை மாதிரி சேறு நுழைந்ததோடு சரி. மஞ்சள் வீடு இருந்த இடமே தெரியவில்லை.

எங்கள் பள்ளியின் புவியியல் ஆசிரியரிடம் கேட்டேன். "ஒரு கட்டம்னா ஒரு துண்டு மலைங்க, அதுக்கு மொத்தமா ஒரே நிறம். நீங்க எவ்வளவு பெருசாக்குனாலும் படம்தான் பெருசாகும். மஞ்சள்னா ஆபத்தே இல்லைன்னு அர்த்தமில்லைங்க" என்றார். புரிந்தது. ஆனால் நான் சொன்னது சரியா தப்பா என்பது மட்டும் இன்றுவரை புரியவில்லை. போகச் சொன்னேன், ஆனால் தவறான வீட்டாரிடம் சொன்னேன். அத்தை கேட்காமல் இருந்திருந்தால் பக்கத்து வீட்டைப் பற்றி நான் பேசியிருக்கவே மாட்டேன்.

அந்தக் குடும்பம் இப்போது அத்தையின் வீட்டில், அதே சிவப்புக்குள்தான் இருக்கிறது. போன வாரம் அத்தை கூப்பிட்டுக் கேட்டாள்: "இப்ப அவுக இடத்துக்கு என்ன நிறம் காட்டுது?"

பார்த்தேன். "மஞ்சள்தான் அத்தை."

பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கணும், வைக்கட்டா?" என்றாள்.