ஐயோ என்றால் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு "ஐயோ" என்பது தொழிற்சொல். "பிரேக்!" என்று கத்தினால் புதிதாகக் கற்பவர்கள் அது எந்த மிதி என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். "ஐயோ!" என்றால் கால் தானாகப் போய் அழுத்தும். ஒரு பால் வண்டியின் பின்புறத்தை நசுக்கிய பிறகு அவருக்கு வந்த ஞானம் இது.

உட்கார்ந்தே தேய்ந்த முதுகெலும்புக்கு ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறியது, வலி ஆறவில்லை. வகுப்பு மீண்டும் தொடங்கியதும் பிடித்தது சனி. முதுகு சுரீர் என்றால் மாஸ்டர் ஐயோ என்பார். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பார். வண்டி குலுங்கும், முதுகு மறுபடி சுரீர் என்னும், மறுபடி ஐயோ. ஒரு தெருவைக் கடப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் அவருடைய பரம்பரையையே திட்டித் தீர்த்தார்கள்.

வலி விடவில்லை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஐயோன்னுதான் சொல்றீங்க. வெந்நீர் சுட்டாலும் ஐயோ, கரண்ட் போனாலும் ஐயோ. எதைத்தான் நம்புறது?" என்றாள் மனைவி.

ஆபரேஷன் செய்த டாக்டரும், "எல்லாம் மனசுதான் சார், நல்லா நடங்க" என்று அனுப்பிவிட்டார். வலியைவிட இதுதான் மாஸ்டரை வாட்டியது. வலிக்கிறது என்றால் நம்ப ஓர் ஆள் வேண்டாமா?

மனைவியும் அவரிடம்தான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை திருப்பத்தில் குப்பைத் தொட்டி எதிரே வந்தது. ஐயோவுக்குக் காத்திருந்தாள். ஐயோ வரவில்லை. வண்டி தொட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் வியர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஐயோ சொல்லுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். "எப்பவும் கத்துற மனுஷன் கத்தலைன்னா உள்ள என்னமோ இருக்கு. ஸ்கேன் எடுங்க. எடுக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்று டாக்டர் முன்னால் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுப்புவதைவிட ஸ்கேன் எடுப்பது சுலபம் என்று டாக்டருக்குத் தோன்றியது.

படம் வந்தது. டாக்டர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆபரேஷனின்போது ரத்தம் ஒற்றுவதற்கு அவரே வைத்த துணிச்சுருள், எடுக்க மறந்துபோய், முதுகெலும்பை ஒட்டிச் சுகமாகப் படுத்திருந்தது.

"ஐயோ!" என்றார் டாக்டர்.

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. முதுகு சுரீர் என்றது. பக்கத்தில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். மாஸ்டருக்கோ, வலியையும் மீறி, முகமெல்லாம் சிரிப்பு.

"லேட்டா சொல்றீங்க சார்," என்றார். "இடிச்சப்புறம் மிதிச்சு என்ன புண்ணியம்?"