இரண்டு பக்கமும் சிங்கம்

சைக்கிளில் ஜவுளி விற்கும் ஜெய்னுலாபுதீன் பாய்க்குக் காசுப் பைத்தியம். சர்க்கார் தவறாக அடித்துவிட்ட காசு கிடைத்தால் ஒரு வேட்டியையே கொடுத்துவிடுவார்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், வாய்க்கால் தண்ணீர் முதலில் யாருக்கு என்று பண்ணையார் காசு சுண்டித் தீர்மானிப்பார். சிங்கம் விழுந்தால் பண்ணைக்கு, பூ விழுந்தால் குத்தகைக்காரர்களான எங்களுக்கு. கோட்டையில் ஆட்சி மாறிய பிறகும் வருஷா வருஷம் சிங்கம்தான் விழுந்தது. சுண்டிய காசை வேறொருவர் தொட்டால் தண்ணீர் வற்றிவிடும் என்று நம்பிய மடையர்கள் நாங்கள்.

ஓர் ஆடியில் பண்ணையார் காசு சுண்டும்போது அங்கே வந்த பாய், பழக்கதோஷத்தில் சிங்கம் காட்டி விழுந்த காசை எடுத்துப் புரட்டினார். அந்தப் பக்கமும் சிங்கம்!

"சர்க்கார் தப்புங்க! கோடியில ஒண்ணு!" என்று துள்ளியவர், லென்ஸை வைத்துப் பார்த்தார். விளிம்பின் உள்ளே மெல்லிய ஒட்டுக்கோடு. கல்லில் தட்டினார், நல்ல காசின் கணீர் ஓசை எழவில்லை.

"ச்சே! ரெண்டு காசை ராவி ஒட்டியிருக்காங்க."

பண்ணையார் நழுவினார். நாங்கள் மண்வெட்டியோடு மடைக்கு ஓடினோம்.

அறுப்பு முடிந்து நெல் மூட்டையோடு பாய் வீட்டுக்குப் போனால், அவர் இன்னும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்: "சர்க்கார் தப்பா இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா பண்ணையாரு தப்பிச்சிருப்பாரு, எங்க வயலு காஞ்சில்ல கெடந்திருக்கும் பாய்!" என்றாள் என் மனைவி அம்சவல்லி.

"அது சரிதாம்மா. இருந்தாலும்..." என்று இழுத்தார் மனிதர்.