வியாழக்கிழமை வராத படப்பெட்டி

பதினேழு வாரம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போரின் இரண்டாவது வருடம், எங்கள் கொட்டகையில் ஒரே படம் பதினேழு வாரம் ஓடியது. படம் நன்றாக இருந்ததால் அல்ல. வேறு பெட்டி வரவில்லை, அவ்வளவுதான். ஆட்டைத் தொலைத்த வக்கீலைப் பற்றிய சிரிப்புப் படம். பத்தாவது வாரத்துக்கு மேல் வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே பெஞ்சு டிக்கெட்காரர்கள் அவர் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அந்தப் படத்தை ஓட்டியவர் கார்பன். பெற்றோர் வைத்த பெயர் வேறு. மெஷினுக்குள் வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சியின் கரி அவர் விரலிடுக்கை விட்டுப் போகவே இல்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆபரேட்டர் அறை பத்தடிக்கு எட்டடி. தகரக் கூரை, இரண்டு மெஷின், ஒரு முக்காலி. சன்னல் கிடையாது. நான் அப்போது கொட்டகைத் தொழிலாளர் சங்கச் செயலாளர். டிக்கெட் கிழிப்பவர், பெருக்குபவர், போஸ்டர் ஒட்டுபவர் எல்லாம் சேர்த்து முப்பத்தொரு பேர். துண்டறிக்கையில் "தொழிலாளர் பெருந்திரள்" என்று போடுவேன். கார்பன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "திரளு எங்க தலைவரே உக்காந்திருக்கு, பால்கனியிலயா?" என்பார்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. எந்தப் பெட்டி எந்தத் தேதி வந்தது, எத்தனை ரீல், எங்கே அறுந்தது, என்றைக்குத் திரும்பிப் போனது, எல்லாம் அதில் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்த நோட்டே அவருக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. போர்க்காலக் கதை எழுதுகிறவர்கள் தேடி வருவார்கள். காதலர்கள் கொட்டகைக்குப் போகிறார்கள், என்ன படம் போடலாம்? எந்த ஊர், எந்த வாரம் என்று இவர் திருப்பிக் கேட்பார். வெளியான தேதியை நம்பி எழுதுகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தலைநகரத்தில் வெளியான படம் எங்கள் கொட்டகைக்கு வர ஒரு வருடம் பிடிக்கும். ரயில் முழுக்கச் சிப்பாய்களை ஏற்றிப் போன காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஒரு பேராசிரியரிடம், "உங்க ஆளு ஜனவரியில சாகுறான். படம் ஆகஸ்டுலதான் வந்துச்சு. ஆவியா வந்து பாத்தானா?" என்று கேட்டே விட்டார். அந்த மனிதர் எழுதியதைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நானும் தள்ளாத வயதில் ஒரு போர்க்கால நாவல் எழுதினேன். நாயகன் போர்முனைக்குப் புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை (தேதியும் போட்டிருந்தேன்), மனைவியோடு எங்கள் கொட்டகையில் படம் பார்க்கிறான். அதற்கு ஒரு காதல் படத்தை வைத்தேன். கப்பலேறிப் போகிறவனைப் பார்த்துக் கரையில் ஒருத்தி நிற்பாள். வருடம் சரி. போஸ்டர் எங்கள் தெருவில் ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதியை வாங்கிப்போன கார்பன் இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு பென்சில் கோடு.

"இது அன்னைக்கு ஓடலை, தலைவரே. வக்கீலும் ஆடும்தான். ஒன்பதாவது வாரம்."

பிரிகிறவர்களை ஆட்டுப் படத்தில் உட்கார வைத்தால் அத்தியாயமே கவிழ்ந்துவிடும் என்றேன். எந்த வாசகன் உங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறான் என்றும் கேட்டேன். வழக்கமாக விடிய விடிய வாதாடுகிற மனிதர் அன்று வாதாடவில்லை.

"இந்த ஒண்ணை மட்டும் மாத்திடுங்க. எனக்காக."

தனக்காக என்று அவர் எதையும் கேட்டதே இல்லை. அச்சகத்தில் பக்கம் கட்டியாகிவிட்டது என்று சொன்னேன். பொய். எனக்கு அந்தக் கப்பல் வேண்டியிருந்தது.

புத்தகம் வெளிவந்த மூன்றாம் வாரம் கார்பனின் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தார். தம்பி தையல்காரர். படப்பெட்டி எடுக்க ரயிலடிக்குப் போனபோது விமானம் போட்ட குண்டில் செத்துப்போனவர். அன்றிலிருந்து அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கார்பன்தான் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்த அம்மாள் கையில் என் நாவல். படித்த பக்கத்தில் விரலை விட்டு மூடிப் பிடித்திருந்தார்.

"அந்த வியாழக்கிழமை காலையில சைக்கிளைத் துடைச்சுக்கிட்டே, கப்பல் படம் வருது, சனிக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னார். பெட்டி வந்து படமும் ஓடுச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்போ அவர் எதுக்குண்ணே செத்தார்?"

கதைக்காக எழுதியது என்று முனகினேன்.

முதல் நாள் இதே பக்கத்தைக் கார்பனிடம் காட்டிக் கேட்டாராம். நாற்பத்தாறு வருடமாக, கொட்டகை முதலாளிதான் தம்பியை அனுப்பினார் என்று சொல்லிவந்த மனிதர், போக வேண்டியது நான்தான் என்று உளறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாராம். இவர் வைத்த சோற்றையும் தொடவில்லை.

"நாளைக்கு மகன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். அவர் ஏன் போகலைன்னு தெரிஞ்சுக்காம ஒரே வீட்டுல இருக்க முடியாது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மதியம் சங்கக் கூட்டம் போட்டவன் நான். ஆபரேட்டர் அறைக்கு ஒரு காற்றாடி கேட்பதற்கான கூட்டம். ரயிலடிக்குப் போக வேண்டும் என்று கார்பன் சொன்னார். தலையைக் காட்டாதவன் சங்கத்தில் இருக்கவே வேண்டாம் என்றேன். தம்பியை அனுப்பிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குண்டுச் சத்தம் கேட்டபோது நான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தவில்லை. அவர் மட்டும் எழுந்து ஓடினார்.

இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. கடைசியில் வராத பெட்டியைக் காகிதத்தில் வரவழைத்துவிட்டேன். அந்த வாரம் கொட்டகையில் ஆடு மேய்ந்தது எனக்கா தெரியாது?

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை.

"இதை அவர் முன்னாடி வந்து சொல்லுங்க."

கூடவே நடந்தேன். கார்பன் அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே மறுபடி முழுவதையும் சொன்னேன். "விடுங்க தலைவரே" என்றார். அதை விட அவர் ஒரு அறை விட்டிருக்கலாம்.

அந்த அம்மாள் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அவர் கை கழுவுவதற்குச் செம்பில் தண்ணீரும் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேருண்ணே வந்தாங்க?"

முப்பத்தொரு பேரில் பதினொரு பேர்.